உழைச்செல்வானைத் தேடி

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்பதை வகுப்பில் நடத்துகின்ற ஆசிரியர்கள், நோயையும் அதன் முதலையும் நாடச் சொல்லும் 948ஆம் குறளில் நெடுநேரம் நின்று விளக்கிவிட்டு, இறுதிக் குறளாகிய 950ஐ மணியடிக்கும் வேளையில் பொருள் கூறி முடித்துவிடுவது வழக்கம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்து வந்தவன்தான். மருத்துவம் நான்கு கூறுகளால் ஆனது என்று வள்ளுவர் அக்குறளில் பகுத்துரைக்கிறார். நோயுற்றவன் ஒரு கூறு. தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. உழைச்செல்வான் ஒரு கூறு. முதல் மூன்றையும் மாணவர் எளிதில் உணர்வர். நான்காவது சொல்லில் தடுமாறுவர். ‘உழைத்துச் செல்பவன்’ என்று விடைத்தாளில் எழுதியவர்களும் உண்டு. உழை என்பது பக்கம், இடம் எனப் பொருள்படும் பழஞ்சொல். நோயாளியின் பக்கத்தே சென்று, பக்கத்தே இருந்து ஆவன செய்பவனே உழைச்செல்வான். இன்று நாம் தாதி என்றும் செவிலியர் என்றும், பேச்சு வழக்கில் ‘மிஸ்ஸி’ என்றும் குறிப்பிடுகின்றவர் அவரே.

‘மருந்தை அருகிலிருந்து கொடுப்பவர்’ என்று சுருக்கமாகப் பொருள் கூறுவதே பிற்கால உரைகளில் பெருவழக்கு. பரிமேலழகர் அவ்வாறு சுருக்கவில்லை. நான்கு கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு இயல்புகள் உண்டென்று வகுக்கும் அவர், இந்த நான்காம் கூற்றுக்கு உரியனவாக நோயாளியிடத்து அன்புடைமை, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை ஆகியவற்றைக் கூறுகிறார். சொல்லியவாறே செய்பவனுக்கு அறிவு எதற்கு என்று ஒருவர் வினவலாம். மருத்துவன் நாளுக்கு ஒருமுறை வந்து போகிறான். எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளியின் அருகில் இருப்பவன் வேறொருவன். மருத்துவன் சொல்லாமல் விட்டதும், சொல்லியபின் மாறியதும் அவன் கண்ணில்தான் முதலில் படும். ஆதலின் அவனுக்கு அறிவு வேண்டும் என்று உரையாசிரியர் கருதினார் போலும்.

மருத்துவத்தில் நான்கில் ஒரு பங்கு பெற்ற இந்த மனிதருக்குத் தமிழ் இலக்கியம் அளித்துள்ள இடம் எவ்வளவு? குறிப்பாக, உழைச்செல்வானின் தேவை மிகுதியும் உள்ள மனநோயைப் பற்றிய எழுத்துகளில் அவர் எங்கே இருக்கிறார்? இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஆய்வு நூல் எதுவுமன்று. சில ஆண்டுகளுக்குமுன் மாணவர் சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு வந்த கதைகளைப் படிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அவற்றுள் ஏழெட்டுக் கதைகள் ஒரே வகையில் முடிந்திருந்தன. காதலில் தோற்றவள், பிள்ளையை இழந்தவள், கணவனால் கைவிடப்பட்டவள் இறுதிப் பத்தியில் கலகலவெனச் சிரிக்கிறாள். கூந்தலை அவிழ்த்துக்கொண்டு தெருவில் ஓடுகிறாள். “அவள் பைத்தியமாகி விட்டாள்” என்ற வரியுடன் கதை நின்றுவிடுகிறது. ஒரு கதையில் மட்டும் அவ்வரிக்குப் பின் மருத்துவமனை வண்டி வந்தது. வண்டியின் கதவு சாத்தப்பட்டதும் அக்கதையும் முடிந்தது.

இக்கதைகளை என் மூத்த தமக்கையாரிடம் காட்டினேன். அவர் மனநல மருத்துவமனை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இலக்கியம் கற்றவரல்லர், ஆயினும் விடாமல் படிப்பவர். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவே: “தம்பி, இவங்க எல்லாரும் கதையை முடிக்கிற இடத்துலதான் எங்களுக்கு வேலையே ஆரம்பிக்குது.”

இதற்காக மாணவர்களைக் கடிந்து பயனில்லை. அவர்கள் படித்ததை எழுதினார்கள். அவர்கள் படித்தவை எவை என்று காண்பதே நம் கடமை.

மணிமேகலைக் காப்பியத்தில் மலர்வனம் புக்க காதையைப் பயின்றோர்க்கு ஒரு காட்சி நினைவிருக்கும். மணிமேகலை புகார் நகரின் வீதி வழியே உவவனத்துக்குச் செல்கிறாள். அவ்வீதியில் மக்கள் கூடிக்கூடி எவற்றையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்று சாத்தனார் அடுக்கிச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று, மையலுற்ற மகன் ஒருவனின் நிலை. அலரியும் எருக்கும் அவனுக்கு மாலை. கந்தலும் ஒடித்துக் கட்டிய குச்சிகளும் அவனுக்கு ஆடை. அழுகிறான், கூவுகிறான், வணங்குகிறான், ஓடுகிறான், தன் நிழலோடு தானே பூசலிடுகிறான். உலக இலக்கியத்தில் மனநோயாளி ஒருவரின் புறத்தோற்றத்தை இத்துணைக் கூர்மையாகப் பதிவுசெய்த பழம்பகுதிகள் மிகச் சிலவே என்பது என் கருத்து. ஆனால் அவனைச் சூழ்ந்து நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள்? அவன்பொருட்டு வருந்துகிறார்கள், கையறு நிலையில் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சாத்தனார் அவர்களைக் கொடியவர்களாகக் காட்டவில்லை. இரக்கம் அவர்களிடம் இருக்கிறது. அருகே செல்லும் ஒருவர் மட்டும் இல்லை. அந்த மகன் அன்றிரவு எங்கே உறங்கினான், யார் உணவளித்தார் என்று காப்பியம் சொல்வதில்லை. கதைத்தலைவி வேறு திசையில் சென்றுகொண்டிருப்பதால் சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை.

அதே காப்பியத்தில் காயசண்டிகையின் கதையும் உண்டு. விருச்சிக முனிவரின் சாபத்தால் பன்னிரண்டாண்டுக் காலம் தீராத யானைத்தீ என்னும் பெரும்பசி அவளைப் பற்றுகிறது. கணவன் காஞ்சனன் தன்னால் அப்பசியை ஆற்ற இயலாமல், ஈகையாளர் நிறைந்த புகாரில் அவளை இருக்கச் செய்கிறான்; ஆண்டுதோறும் இந்திரவிழாக் காலத்தில் வந்து கண்டு இரங்கிச் செல்கிறான். இது மனநோயன்று, எனினும் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் என் தமக்கையார் கூறிய தீபாவளிக் காட்சி ஒன்று மனத்தில் எழும். ஆண்டுக்கொரு முறை பலகாரப் பொட்டலத்தோடு வந்து, கண் கலங்கி, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும் உறவினர்களை அவர் பலகாலம் கண்டவர். அவர்களை அவர் ஒருநாளும் பழித்ததில்லை. காஞ்சனனையும் நாம் பழிக்க வேண்டியதில்லை. இடையிலுள்ள முந்நூற்று அறுபத்துச் சொச்சம் நாட்களும் யாருடையவை என்பதே நம் வினா.

பழைய இலக்கியத்தில் அருகிருப்பவரே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறையை எண்ணிப் பாருங்கள். மகள் மெலிகிறாள், உண்ண மறுக்கிறாள், உறங்காதிருக்கிறாள். தாய் அஞ்சி, கழங்கு பார்க்கிறாள், கட்டுவிச்சியைக் கேட்கிறாள், வேலனை அழைத்து ஆடு அறுத்து வெறியாடச் செய்கிறாள். உண்மைக் காரணம் தெரிந்தவள் ஒருத்தியே, அவள் தோழி. அவள் எவ்வாறு அறிந்தாள்? நாள்தோறும் உடனிருந்ததால் அறிந்தாள். தக்க நேரத்தில், தக்க சொற்களால், தலைவியின் பெயருக்கும் ஊறு நேராமல் அதை வெளிப்படுத்துவதையே அறத்தொடு நிற்றல் என்றனர். நோயாளியின் மறைபொருளைக் காத்தல், எதை எப்போது யாரிடம் சொல்வது என்று தேர்தல் ஆகிய இன்றைய தாதியரின் ஒழுக்கநெறிகள் இரண்டும் தோழியிடம் இருக்கின்றன. ஆயினும் அந்நோய் காமநோய். களவு கற்பாக மாறினால் தீர்ந்துவிடும். காரணமும் மருந்தும் முன்பே தெரிந்த நோய்க்கு அருகிருப்பது அத்துணைக் கடினமன்று.

நம்மாழ்வாரின் தாய்ப்பாசுரங்களை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். திருவாய்மொழியின் நான்காம் பத்தில், மகளின் செயல்கள் ஒவ்வொன்றையும் தாய் வரிசைப்படுத்திக் கூறும் பதிகம் ஒன்று உள்ளது. மண்ணைத் தொட்டு இது வாமனனின் மண் என்கிறாள். வானத்தைச் சுட்டி அது அவன் இருக்கும் வைகுந்தம் என்கிறாள். நெருப்பைத் தழுவி அச்சுதன் என்கிறாள். பக்தியை ஒரு கணம் ஒதுக்கிவைத்துப் பார்த்தால், இது கண்காணிப்புக் குறிப்பேடு. மகள் என்ன செய்தாள், செய்தபோது என்ன சொன்னாள் என்பவை தாயின் தீர்ப்புக் கலவாமல் பதிவாகின்றன. இவ்வாறு நான் கூறியதை வைணவ நண்பர் ஒருவர் விரும்பவில்லை. அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. அங்கே மயக்கம் நோயன்று, பேறு. இறைவனையே பித்தன் என்று அழைத்துப் பாடத் தொடங்கிய சுந்தரரின் மரபில் வந்த நமக்குப் பித்து என்னும் சொல்லே ஒரு புனிதத்தைப் பெற்றுவிட்டது. அப்புனிதத்தின் நிழலில், மாத்திரை விழுங்க மறுத்துச் சுவரோரம் குந்தியிருக்கும் எளிய நோயாளி நம் கண்ணுக்குப் புலப்படாமல் போனார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இக்கால உரைநடைக்கு வருவோம். பணிவிடையை மையமாகக் கொண்ட தமிழ்ச் சிறுகதைகளுள் தலைசிறந்தது எது என்று என்னைக் கேட்டால், புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ என்பேன். சென்னையில் ஜவுளிக் கடையொன்றில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, தீராத நோயாளியான மனைவியை ஆண்டுக்கணக்கில் பேணுகிறார். அடுப்பு மூட்டுவதும், கஞ்சி கொடுப்பதும், கை கால்களைத் தேய்த்துவிடுவதும், கடைக்கு ஓடித் திரும்புவதுமே அவர் வாழ்க்கை. கதை அவளுடைய மரணத்திலிருந்து தொடங்குகிறது. ஆதலின் ‘பிழைப்பாளா’ என்னும் ஆவல் வாசகனுக்கு முதல் வரியிலேயே மறுக்கப்படுகிறது. எஞ்சுவது பணிவிடை மட்டுமே. இறந்த உடலைக் குளிப்பாட்டுவதும், அதன்மேல் அமர வரும் ஈயை விசிறியால் ஓட்டுவதும் அப்பணிவிடையின் தொடர்ச்சியாகவே வருகின்றன. ஒருசொல் மிகையில்லை, கண்ணீர் இல்லை. செல்லம்மாள் மனநோயாளி அல்லள். ஆனால் நோயின் வேகத்தில் அவளுக்குப் பிதற்றல் வருகிறது. இறந்துபோன தன் தாய் வந்திருப்பதாக எண்ணிக் கணவனையே தாயாகக் கொண்டு பேசுகிறாள். அப்போது பிள்ளை மறுப்பதில்லை. தாயாகவே நடித்து அவளுக்கு ஆறுதல் சொல்கிறார். அவ்வாறு நடிப்பது அவருக்குப் பழகிப்போன செயல் என்றும் ஆசிரியர் உணர்த்துகிறார்.

அன்பின் உச்சம் என்று இவ்விடத்தை நான் வகுப்பில் பாராட்டி வந்தேன். தமக்கையார் கதையைப் படித்தபின் என் பாராட்டைச் சற்றே திருத்தினார். காய்ச்சல் பிதற்றலில் கிடப்பவளிடம் அவர் செய்தது சரிதான். சாகப்போகிறவளிடம் வாதிட்டு என்ன ஆகப்போகிறது என்றார். ஆனால் மனச்சிதைவு நோயாளி ஒருவர், “என் சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறார்கள்” என்று சொன்னால், தாதி “ஆமாம்” என்று நடிக்கக் கூடாது; “இல்லை, நீ சொல்வது பொய்” என்று வழக்காடவும் கூடாது. ஆமாம் என்றால் மாயநம்பிக்கை வலுப்படும்; இல்லை என்றால் தாதியும் எதிரியாகிவிடுவார். “அப்படித் தோன்றுவது உங்களுக்கு எவ்வளவு அச்சமாக இருக்கும் என்று தெரிகிறது, எனக்கு அதில் ஏதும் தென்படவில்லை, நான் இங்கேயே இருக்கிறேன்” என்பதுபோல அச்சத்தை ஏற்று, நம்பிக்கையை ஏற்காமல் பேசவேண்டும். மூடி திறக்காத பொட்டல உணவை அவர் கையிலேயே கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம். நாளை தெளிவு வரும்போது, இவர் என்னிடம் பொய் சொன்னவர் என்ற எண்ணம் நோயாளிக்கு எழக்கூடாது.

இலக்கியத் திறனாய்வில் இத்தகைய கருத்துக்கு இடமுண்டா என்று சிலர் ஐயுறலாம். உண்டு என்பேன். ஒரு சொல்லை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் இடையே மூன்றாவதாக ஒரு மொழி இருக்கிறது. அதைப் பேசுவதற்குப் பயிற்சி வேண்டும். தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் கருவி என்று அமெரிக்கத் தாதியியல் அறிஞர் ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். மனச்சிதைவுக்கு முதன்முதல் பயன்தந்த குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்ச் சிகிச்சையில் புகுந்ததும் அதே ஆண்டில்தான். மருந்தும் உழைச்செல்வானும் ஒரே ஆண்டில் புதுவடிவம் பெற்ற அவ்வொற்றுமையை எண்ணும்போது வள்ளுவரின் பகுப்பு எனக்கு மேலும் தெளிவாகிறது. உரையாடல் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நம் கதாசிரியர்கள் அந்த மூன்றாம் மொழியின்பால் கவனம் செலுத்தாதது வியப்பே.

மனநோயை உள்ளிருந்து எழுதியவர்கள் தமிழில் உண்டு. எம். வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ 1993இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். மகாலிங்கம் என்பவனின் செவிக்குள் ஓயாது ஒலிக்கும் இழிந்த குரல்களையும் அவற்றோடு அவன் நடத்தும் போராட்டத்தையும், தம் சொந்த அனுபவத்தை அடியாகக் கொண்டு அவர் எழுதினார். இல்லாத குரலைக் கேட்பது எத்தகைய துன்பம் என்பதை அறிய விரும்பும் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய நூல் அது. ஆயினும் அந்நாவலில் மகாலிங்கத்துக்குத் துணை முருகன், எதிரி அக்குரல்கள். குடும்பம் வறுமையில் உழல்கிறது. வெளியிலிருந்து உள்ளே வரும் மனிதக் கை மிகக் குறைவு. அது நாவலின் குறையன்று. அம்மனிதர் வாழ்ந்த உலகம் அப்படி. கோபிகிருஷ்ணனின் எழுத்துகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். உளவியல் கற்று, மனநோயை அருகிலும் தம்முள்ளும் கண்ட அவர், ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ என்று தம் நூலுக்குப் பெயரிட்டார். பெயரே அவர் நின்ற இடத்தைக் காட்டிவிடுகிறது. உள்ளேயிருந்து எழும் குரல்கள் நமக்குக் கிடைத்துவிட்டன. பக்கத்தில் இருப்பவரின் குரல்தான் கிடைக்கவில்லை.

அந்த இடத்தைத் திரைப்படம் நிரப்ப முயன்றது. ஆனால் தவறாக நிரப்பியது. 1970இல் வெளிவந்த ‘எங்கிருந்தோ வந்தாள்’ படத்தில் மனம் பேதலித்த நாயகனைப் பேணுவதற்காக ஒரு பெண் அழைத்து வரப்படுகிறாள். அவனுக்காகவே எல்லாம் இழந்து அவள் பணிசெய்கிறாள். அவன் நலம் பெற்றதும் அவளை மறந்துவிடுகிறான். 1982இல் வந்த ‘மூன்றாம் பிறை’யில் இது தலைமாறுகிறது, நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண்ணைப் பள்ளியாசிரியர் ஒருவர் பேணுகிறார், குணமடைந்த அவள் இரயில் நிலையத்தில் அவரை அடையாளம் கண்டுகொள்வதில்லை. இரண்டும் திறமாக எடுக்கப்பட்டவை. இரண்டாவது படத்தின் இறுதிக் காட்சியில் கலங்காதவர் அரியர். ஆயினும் அவை நமக்குக் கற்பித்தவை யாவை? பணிவிடை செய்வதற்குத் தகுதி காதல் ஒன்றே. குணம் என்பது ஒரே நாளில் திரை விலகுவதுபோல் வரும். பேணியவரை மறப்பதே குணமடைந்ததற்கு அடையாளம். மனச்சிதைவும் மனச்சோர்வும் இருமுனை மனநோயும் அப்படி வருவதுமில்லை, அப்படிப் போவதுமில்லை. அவை தணியும், மீண்டும் எழும். சிலருக்கு முற்றும் விலகும். பலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்தும் கவனிப்பும் வேண்டியிருக்கும்.

மறதியைப் பற்றித் தமக்கையார் சொன்ன செய்தி இதற்கு நேர்மாறானது. ஓய்வுபெற்றபின் சந்தைக்குச் செல்லும்போது முன்னாள் நோயாளிகள் அவரை எதிர்ப்படுவதுண்டாம். அவர் தாமாக அழைத்துப் பேசமாட்டார். “அவங்க கூட யார் நிக்கிறாங்களோ, நமக்குத் தெரியாது. நான் கூப்பிட்டா, இந்த அம்மாவை எப்படித் தெரியும்னு பக்கத்துல இருக்கிறவங்க கேப்பாங்க. அவங்களா மிஸ்ஸின்னு கூப்பிட்டாத்தான் திரும்புவேன்.” பெரும்பாலோர் கூப்பிடுகிறார்களாம். மறந்தவர்போல் நடந்து செல்வது இங்கே தாதியின் வேலை. ‘மூன்றாம் பிறை’யின் இரயில் நிலையத்தைவிட இந்தச் சந்தையில் நாடகம் குறைவென்று எனக்குத் தோன்றவில்லை.

நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் எப்போதும் நல்லவராகத்தான் இருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1892இல் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் எழுதிய ‘ஆறாவது வார்டு’ கதையில் காவலாளி நிகீத்தா நோயாளிகளை அடித்து ஒடுக்குகிறான். மருத்துவர் ராகின் அடிப்பதில்லை. தத்துவம் பேசிக்கொண்டு, அடிகளைக் காணாதவராக இருக்கிறார். முடிவில் அவரே அவ்வார்டில் அடைக்கப்பட்டு நிகீத்தாவின் கையால் அடிபடுகிறார், மறுநாள் இறக்கிறார். நான்காம் கூறு அழுகினால் முதல் மூன்றும் என்னவாகும் என்பதை அக்கதை காட்டுகிறது. தமிழில் நமக்கு ஒரு நிகீத்தாகூட இல்லை. அந்த நாற்காலி நல்லவராலும் நிரப்பப்படவில்லை, தீயவராலும் நிரப்பப்படவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநோயாளர் காப்பகம் திறக்கப்பட்டது. பின்னாளில் அது பஹாகியா மருத்துவமனை எனப் பெயர் மாறியது. பஹாகியா என்றால் மலாய்மொழியில் மகிழ்ச்சி. ஆனால் ஊர்ப்பெயரே வசையாக நின்றுவிட்டது. “இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்” என்று வீட்டிலும் காப்பிக் கடையிலும், வருத்தத்தோடு கூறுகிறேன், ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் 1928இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனைக்கு, இழிவு நீங்கட்டும் என்று 1951இல் வுட்பிரிட்ஜ் எனப் பெயரிட்டனர். அருகிலிருந்த மரப்பாலத்தால் வந்த பெயர் அது. சில ஆண்டுகளில் மரப்பாலத்தைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லே வசையாயிற்று. 1993இல் புவாங்கோக்குக்கு இடம் மாறி இன்று மனநலக் கழகம் என்னும் பெயரோடு அது இயங்குகிறது. பெயர்களை மாற்றிய நோக்கம் நல்லது. ஆனால் அச்சுவர்களுக்குள் நாள்தோறும் நடப்பது என்ன என்று மக்களுக்குத் தெரியாதவரை, எந்தப் பெயரும் பழைய அச்சத்தின் நிறத்தையே ஏற்கிறது. தெரியச் செய்திருக்கவேண்டியவர்கள் யார்? எழுத்தாளர்கள் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

தோட்டப்புறத்தைப் பாடுபொருளாக்கிய நம் எழுத்தாளர்கள் பால்மரத்தையும் கங்காணியையும் கிராணியையும் கள்ளுக்கடையையும் நுட்பமாக எழுதினர். தோட்டத்து மருந்தகத்து டிரஸரும் அவ்வப்போது வந்துபோவார். மனம் பேதலித்தவர் வந்தால் மட்டும், கோயில் பூசாரியிடம் வேப்பிலை அடிப்பதற்கோ லயத்தின் பின்புறம் கட்டிப்போடுவதற்கோ அவர் உரியவராகிறார். அதற்கப்பால் கதை அவரைப் பின்தொடர்வதில்லை. நான் படித்த அளவில் கூறுகிறேன். விதிவிலக்கு இருந்தால் அறிய மகிழ்வேன். ஆனால் மருத்துவமனைகளில் தமிழர் நோயாளிகளாக மட்டுமா இருந்தனர்? தாதியராகவும் உதவியாளராகவும், ஆண்கள் பிரிவின் பணியாளராகவும் தமிழர் எத்தனையோ பேர் இருந்தனர், இருக்கின்றனர். அவர்கள் நம் அண்டை வீட்டார். அவர்களை நாம் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுண்டு. சிறுகதை ஒரு திருப்பத்தை நாடும் வடிவம் என்று நாம் கற்பித்து வந்திருக்கிறோம். தாதியின் பணியில் திருப்பம் நேராமல் இருப்பதே வெற்றி. தற்கொலை எண்ணம் உள்ள நோயாளியின் அருகே இரவு முழுதும் அமர்ந்திருக்கும் தாதியின் வேலை, அன்றிரவு ஒன்றும் நிகழாதிருக்கச் செய்வது. கடுஞ்சோர்வில் கிடந்தவர் எழுந்து நடமாடத் தொடங்கும்போது வீட்டார் மகிழ்வர். தாதி அப்போதுதான் கூடுதல் விழிப்புடன் இருப்பார். ஏனெனில் செயலாற்றும் வலிமை முதலில் திரும்பி, நம்பிக்கை பின்தங்கி வருவதுண்டு. அந்த இடைவெளி ஆபத்தானது. லித்தியம் உட்கொள்பவரின் கை நடுக்கம் சற்றே மிகுந்தாலும், வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலும், மருந்து இரத்தத்தில் அளவு மீறியிருக்குமோ என்று ஐயுற்று மருத்துவருக்குச் சொல்லவேண்டும். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டே இருப்பவரைக் கண்டால், அது நோயின் கொந்தளிப்பா, மருந்தின் பக்கவிளைவா என்று பிரித்தறிய வேண்டும். தவறாக உணர்ந்து மருந்தைக் கூட்டினால் துன்பம் கூடும். பரிமேலழகர் சொன்ன அறிவுடைமை இதுவே. இவற்றுள் ஒவ்வொன்றிலும் ஒரு கதை இருக்கிறது. ஓடிச் சிரிக்கும் பெண் அதில் இருக்கமாட்டாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மலேசியாவின் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை பெருமருத்துவமனைச் சுவர்களைத் தாண்டி, பொது மருத்துவமனைகளுக்கும் சமூக மனநல நடுவங்களுக்கும் பரவியிருக்கிறது. சில வாரங்களுக்கொரு முறை போடப்படும் நீண்டநாள் ஊசி, வீட்டுக்கே வந்து பார்க்கும் தாதி, வேலை தேடித் தரும் முயற்சி என்று அது மாறியிருக்கிறது. ஆகவே மனநோயாளி இன்று கதையின் இறுதி வரியில் வண்டியில் ஏற்றி அனுப்பப்படுகிறவர் அல்லர். அவர் நம் வகுப்பு மாணவனின் தாயாக இருக்கலாம். அம்மாணவன் நாம் கொடுக்கும் கதையைப் படித்துக்கொண்டிருக்கலாம். அப்போட்டிக்கு வந்த கதைகளுள் ஒன்றில், தமிழ் கொஞ்சம் பிழைபட்டிருந்தது, முடிவும் இல்லை. ஒரு சிறுவன் காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் தாயின் மாத்திரைகளை எண்ணி வைக்கிறான். மாலையில் வந்து மீண்டும் எண்ணிப் பார்க்கிறான். அவ்வளவே கதை. ‘நிகழ்ச்சிப் பின்னல் போதாது’ என்று அதன் ஓரத்தில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தவன் நான்தான். எழுதியவர் யார் என்று போட்டி விதிப்படி எனக்குத் தெரியாது.

தமக்கையாரிடம் அக்கதையை இறுதியாகத்தான் கொடுத்தேன். அவர் அதை இருமுறை படித்தார். பிறகு, மாத்திரை எண்ணிக்கை சரியாக இருப்பதால் மட்டும் தாய் விழுங்கிவிட்டாள் என்று ஆகாது, நாக்கின் அடியில் வைத்திருந்து துப்பியும் இருக்கலாம், அந்தப் பிள்ளைக்கு யாராவது அதைச் சொல்லித் தரவேண்டும் என்றார். யார் அவன் என்று என்னைக் கேட்டார். நான் விடை சொல்ல முடியாமல் இருந்தேன்.

வரும் பருவத்தில் ஆறாம் படிவ மாணவர்க்குச் ‘செல்லம்மாள்’ நடத்தும்போது ஒருநாள் வகுப்புக்கு வந்து பேச அவர் இசைந்திருக்கிறார். இரண்டு நிபந்தனைகள் விதித்திருக்கிறார். நோயாளி எவரைப் பற்றியும் ஊர், பெயர் கேட்கக்கூடாது. வகுப்பு முடிந்தபின் தனியே பேச விரும்பும் பிள்ளைகளுக்காக ஓர் அறை ஒதுக்கித் தரவேண்டும்.